விமான இறக்கையிலிருந்து நோம்பி மேடைக்கு

கோபிப் பக்கம் கோயில் நோம்பி என்றால் ராத்திரி ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் இருக்காது. குத்துப்பாட்டெல்லாம் ஓய்ந்து மெலடிக்கு வரும்போது கீபோர்டு வாசிப்பவர் டோனை மாற்றுவார். பியானோ போலத் தொடங்கும், ஆனால் பியானோ இல்லை. முதலில் மணியின் கிணுகிணுப்பு. அது அடங்கியதும் தை மாதத்து இளவெயில் போல ஒரு கதகதப்பு. எலெக்ட்ரிக் பியானோ என்று பட்டனில் போட்டிருக்கும். அந்த ஒலிக்கு நீண்ட வரலாறு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர் ஹெரால்ட் ரோட்ஸ். எழுந்து உட்கார முடியாதவர்கள் படுத்தபடியே வாசிக்க வேண்டும் என்பதற்காக, பி-17 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையிலிருந்த அலுமினியக் குழாய்களை வெட்டி, 29 கட்டைகளோடு ஒரு மடிப் பியானோ செய்தார். அதில் மின்சாரமே கிடையாது. போருக்குப் பிறகு கிதார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரோடு சேர்ந்தார். 1965ல் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் வாங்கிய பிறகுதான் 73 கட்டை கொண்ட ரோட்ஸ் பியானோ கடைக்கு வந்தது.

பெட்டியைத் திறந்தால் பியானோவின் தந்திகள் இருக்காது. ஒவ்வொரு கட்டைக்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று, அதன் மேலே கனத்த உலோகப் பட்டை ஒன்று. இரண்டும் சேர்ந்து ஓர் இசைக்கவை. சுத்தியல் கம்பியைத் தட்ட, எதிரே இருக்கும் காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்குகிறது. கம்பியின் மேல் சுற்றிய சின்ன ஸ்பிரிங்கை நகர்த்தினால் சுருதி சேரும். மெதுவாகத் தொட்டால் மணி, ஓங்கி அடித்தால் உறுமல். விரலின் மனநிலை அப்படியே வெளியே வரும். இந்தக் கருவியின் மேல் எனக்குள்ள ஆசைக்கு அதுதான் காரணம்.

எழுபதுகளின் சாஃப்ட் ராக் இதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டது. டென் சிசி குழுவின் 1975ஆம் ஆண்டுப் பாட்டு ‘ஐ’ம் நாட் இன் லவ்’, பில்லி ஜோயலின் 1977ஆம் ஆண்டுப் பாட்டு ‘ஜஸ்ட் தி வே யூ ஆர்’ இரண்டையும் தாங்கி நிற்பது ரோட்ஸ்தான்.

ஆனால் ரோட்ஸ் கிட்டத்தட்ட 60 கிலோ கனம். 1983ல் யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது; ஒரே ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். ரோட்ஸின் சாயலை அது மின்னணு முறையிலேயே உண்டாக்கியது. நம் ஊரில் 1983, பக்கத்து வெள்ளாங்கோவிலில் பிறந்த பாக்யராஜின் ‘முந்தானை முடிச்சு’ வெளியாகி இளையராஜா பாட்டு வீதியெல்லாம் கேட்ட வருஷம். கொஞ்ச காலத்தில் ரோட்ஸ் உற்பத்தி நின்றுபோனது.

கருவி போனாலும் குரல் போகவில்லை. 1991ல் கீபோர்டு கம்பெனிகள் டோன் வரிசைக்கு ஒரு பொது ஒழுங்கு வகுத்துக்கொண்டன. அதில் ஐந்தாவதும் ஆறாவதும் எலெக்ட்ரிக் பியானோ: முதலாவது ரோட்ஸின் வாரிசு, அடுத்தது டிஎக்ஸ்7இன் வாரிசு. நோம்பி மேடைக்கு இந்த ஒலி வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். இந்தப் பயணத்தில் பெரிய திருப்பம் இதுதான் என்பேன். ரோட்ஸ் பெட்டி கோபிக்கு வர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இன்று யங் கன் சில்வர் ஃபாக்ஸ் போன்ற இண்டி குழுக்கள் எழுபதுகளின் கலிஃபோர்னிய வெயிலை மறுபடி பாட்டில் கொண்டுவர இதே ஒலியைத்தான் தேடிப் போகின்றன. 2021ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எம்கே8 என்ற பெயரில் ரோட்ஸ் மறுபடி பிறந்தது. வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு லேப்டாப் சாம்பிள் இருக்கிறது. ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியே பதிவு செய்திருப்பார்கள். கட்டையை விடும்போது கேட்கும் ‘தொப்’ சத்தத்தைக்கூட விட்டுவைப்பதில்லை.