பச்சை குத்தல் நீக்கம்

பச்சை குத்தல் நீக்கம் என்பது தோலில் நிலையாகப் பதிந்துள்ள பச்சையை அழிக்கவோ மங்கச் செய்யவோ மேற்கொள்ளப்படும் மருத்துவ முறைகளைக் குறிக்கும். முறிந்த உறவின் பெயர், பணியில் சேர்வதற்கான விதிகள், மையினால் ஏற்படும் ஒவ்வாமை ஆகியவை இதற்கான பொதுவான காரணங்களாகும். எடுத்துக்காட்டாக, இந்தியத் தரைப்படை ஆள்சேர்ப்பில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சை ஏற்கப்படுகிறது; மரபுப்படி பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு.

மை நிலைத்திருப்பதன் காரணம்

மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. ஊசி, மையை அதற்குக் கீழுள்ள உட்தோலில் செலுத்துவதால் மை உதிர்வதில்லை. அங்குள்ள பெருவிழுங்கிகள் எனும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆயினும் அவற்றைச் செரிக்க இயலுவதில்லை. இவ்வுயிரணுக்கள் இறக்கும்போது வெளிப்படும் துகள்களைப் புதிய உயிரணுக்கள் மீண்டும் விழுங்கிக்கொள்வதை, 2018 இல் பிரான்சு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தனர். பச்சையை அழிப்பதாக விற்கப்படும் பூச்சுகள் உட்தோலை எட்டாததால் பயன் தருவதில்லை. எட்டுமளவு கடுமையான அமிலங்களோ தோலை எரித்துத் தழும்பை உண்டாக்கும்.

சீரொளி முறை

லேசர் எனப்படும் சீரொளியே இன்று முதன்மையான முறையாகும். மிகக் குறுகிய ஒளித்துடிப்புகள் மைத்துகள்களைத் திடீரெனச் சூடாக்கி உடைக்கின்றன. ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே துடிப்பு நீடிப்பதால், சுற்றியுள்ள திசுவுக்கு வெப்பம் பரவும் முன் துகள் உடைந்துவிடுகிறது. இக்கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் ஆகியோர் 1983 இல் வெளியிட்டனர். அதனினும் குறுகிய பிக்கோநொடிக் கருவிகள் 2012 இற்குப் பின் பயன்பாட்டுக்கு வந்தன. உடைந்த துகள்களை நிணநீர் வழியாக உடலே மெல்ல அகற்றுகிறது. ஆகவே அமர்வுகளுக்கிடையே பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் இடைவெளி விடப்படும். பல அமர்வுகள் தேவைப்படும்.

கருப்பு மை எல்லா அலைநீளங்களையும் உறிஞ்சுவதால் எளிதில் நீங்கும். சிவப்புக்கு 532 நானோமீட்டரும், பச்சை, நீல நிறங்களுக்கு 694 அல்லது 755 நானோமீட்டரும் பயன்படுகின்றன. மஞ்சள் பிடிவாதமானது. வெள்ளை, தோல்நிற மைகள் சீரொளி பட்டதும் கருத்துவிடக்கூடும்; எனவே முதலில் சிறு இடத்தில் சோதிப்பது வழக்கம்.

கருமையான தோல் உடையோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தோலின் மெலனின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது. குறுகிய அலைநீளங்களில் இது மிகுதி. இதனால் கொப்புளம், வெளிறிய திட்டுகள், கருந்திட்டுகள் தோன்றலாம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் சீரொளியை மெலனின் குறைவாக உறிஞ்சுவதால், இத்தகைய தோலுக்கு அதுவே பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த அலைநீளத்தில் கருப்பு மை நீங்கினாலும் வண்ண மைகள் எஞ்சிவிடலாம். மைக்கு ஒவ்வாமை உடையவர்களுக்கு, சிதறும் துகள்கள் உடல் முழுதும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்பதால் தோல் மருத்துவரின் மதிப்பீடு இன்றியமையாதது.

பிற முறைகள்

சிறிய பச்சையை அறுவை மூலம் வெட்டித் தைக்கலாம். கோடு போன்ற தழும்பு எஞ்சும். தோலைச் சுரண்டுதல், உப்பால் தேய்த்தல் ஆகியன பழைய முறைகள்.

மறைத்துக் குத்துதல்

பழைய பச்சையின் மேல் புதியதொன்றைக் குத்தி மறைப்பது இம்முறை. மை ஒளிபுகும் தன்மையுடையதால் வெளிர்நிறம் கருநிறத்தை மறைப்பதில்லை. புதிய வடிவம் பெரியதாகவும் அடர்ந்ததாகவும் அமைய வேண்டியுள்ளது. சில அமர்வுகளில் பழையதை மங்கச் செய்தபின் குத்தினால் தெரிவு விரிவடையும். எழுத்துகளை மாற்றுவதும் உண்டு: நடிகர் ஜானி டெப், "வினோனா ஃபாரெவர்" என்று தம் கையில் இருந்ததை, காதல் முறிந்தபின் "வைனோ ஃபாரெவர்" என்று மாற்றிக்கொண்டார். "வைனோ" என்பது குடிகாரரைக் குறிக்கும் சொல். தற்காலிகமாக மறைக்க மட்டும் விரும்புவோருக்கு, நீர்படினும் கலையாத அடர்ந்த ஒப்பனைப் பூச்சுகள் கிடைக்கின்றன.