மல்லித்தண்ணியும் தடிமனும்

மலர்க்குழுத் தம்பிமார் "வரலாறு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் ஏ.எல். முடித்த கையோடு தொழிற்சாலைக்குப் போனவன். அரசர்மாரைப் பற்றி எழுத என்னால் ஏலாது. ஆனபடியால் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சாமானைப் பற்றி எழுதுகிறேன். தடிமன் பிடித்தால் நாங்கள் குடிக்கிற மல்லித்தண்ணிதான் அது.

இங்கே இங்கிலாந்துக்கு வருமுன் குவைத்தில், ஃபஹாஹீல் என்ற கடற்கரைப் பட்டினத்தில் ஏழு வருசம் இருந்தேன். அதற்குத் தெற்கே உள்ள ஷுஐபா தொழிற்பேட்டையில் வேலை. அறையில் எட்டுப் பேர். கோடையில் வெளியே 45 பாகைக்கு மேல் வெயில், உள்ளே ஏசிக் குளிர். ஒருவருக்குத் தடிமன் வந்தால் கிழமை முடிய முன் எட்டுப் பேரும் தும்முவோம். இரண்டு கைப்பிடி மல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, எட்டுக் கோப்பைத் தண்ணி நாலாக வற்றும்வரை கொதிக்க விடுவோம். ஊரில் என்றால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். அங்கே சீனிதான்.

கீழே பக்காலாக் கடையில் மல்லிக்குப் பெயர் குஸ்பரா. கடையில் நின்ற எகிப்துக்காரர் அது தங்கட சாமான் என்பார். நான் எங்கட சாமான் என்பேன். பிறகு வாசித்துப் பார்த்தால் ஆள் சொன்னது பெரிய பிழையில்லை. மல்லியின் தாயகம் மத்தியதரைக் கடலையும் மேற்காசியாவையும் அண்டிய நிலம். எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையை 1922 இல் கண்டுபிடித்தபோது உள்ளே வைத்திருந்த பொருட்களுள் மல்லி விதையும் இருந்தது. 3300 வருசப் பழசு! இன்றைக்கும் இலங்கையில் விற்கிற மல்லியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதான். சிங்களவர் மல்லி, இஞ்சியோடு வேறு மூன்று சரக்கும் சேர்த்து 'பஸ்பங்குவ' என்று அவித்துக் குடிப்பார்கள். இத்தனை சண்டைக்குள்ளும் தடிமனுக்கு மட்டும் இரண்டு சனமும் கிட்டத்தட்ட ஒரே தண்ணியைத்தான் குடித்திருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததை இதை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. மழையில் நனைந்து போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். பொருளாதாரத் தடையால் மருந்துக்குத் தட்டுப்பாடு. இரண்டு நாளில் எனக்கு மூக்கால் ஓடத் தொடங்கிவிட்டது. அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த மல்லியை மூன்று கல் வைத்து அவித்து, பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வார்த்தவ. "மழையில நனைஞ்ச தடிமன்" என்று சொன்னவ.

அது மழையால் வந்ததில்லை. இந்த நாட்டில் சோல்ஸ்பரி என்ற ஊரில் 1946 முதல் 1990 வரை தடிமனை ஆராயவென்றே ஒரு நிலையம் இருந்தது. தாமாக முன்வந்த ஆட்களைப் பத்து நாள் தங்கவைத்து, மூக்கில் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். சிலரைச் சுடுதண்ணியில் குளிக்கவைத்து, துடைக்காமல் காற்றடிக்கிற நடையில் நிற்க விட்டார்கள். பாவங்கள், ஈரக் காலுறையும் போட்டுக்கொண்டு! குளிர்ந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தடிமன் வரவில்லை. (கால் குளிர்ந்தால் தடிமன் கூடும் என்று 2005 இல் கார்டிஃப் ஆய்வொன்று சொன்னது. அம்மா கேட்டால் சந்தோசப்படுவா.) கிருமி ஆளிலிருந்து ஆளுக்குத்தான் தொற்றும். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நெருக்கியடித்துக் கிடந்த எங்களுக்கு வராமல் விடுமா?

44 வருசம் ஆராய்ந்தும் தடிமனை மாற்றும் மருந்து கிடைக்கவில்லை. ரைனோ வைரஸ் மட்டுமே 150 வகைக்கு மேல். அன்டிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது. அனேகமாக ஏழு, பத்து நாளில் உடம்பே மாற்றிவிடும். மல்லித்தண்ணியின் சூடு தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணியும் சேரும், அவ்வளவுதான். இருமலுக்குத் தேனும் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

அதே சோல்ஸ்பரி நிலையத்தார் 1965 இல் ஒரு புதுவிதத் தடிமன் கிருமியைக் கண்டதாக எழுதினார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பிறகு வைத்த பெயர் கொரோனா.

2020 ஏப்ரலில் எங்களுக்குக் கிட்ட இருந்த மஹ்பூலாவை அடைத்தார்கள். மே 10 இலிருந்து 30 வரை குவைத் முழுதும் ஊரடங்கு. எங்கள் அறையில் இக்காமா முடிந்துபோன அண்ணர் ஒருவர் இருந்தார். அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தது. ஆசுப்பத்திரிக்குப் போனால் பிடித்துவிடுவார்கள் என்று பயம். "தடிமன்தான்ரா, மல்லியைப் போடு" என்றார். போட்டோம். ஐந்தாம் நாள் கோப்பையை வாங்கி, "என்னடா, இஞ்சி போடேல்லையோ? மணமே இல்லை" என்றார். போட்டது நான்தான். அவருக்கு மூக்கு அடைக்கவும் இல்லை. அப்பவே நாங்கள் யோசித்திருக்க வேணும். இன்னும் இரண்டு நாள் மல்லித்தண்ணி கொடுத்தோம். ஏழாம் நாள் இரவு மூச்சு எடுக்க ஏலாமல் கட்டிலில் எழும்பி இருந்தார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கைகாட்டக் காட்ட 112 க்கு அடித்தோம். இக்காமா எங்கே என்று அந்த இரவு ஒருவரும் கேட்கவில்லை. மூன்று கிழமையால் திரும்பி வந்தார், பாதி ஆளாக.

அந்த டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துச் செய்த பாணிக்கு ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றது. அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கே 2021 ஜனவரியில் கொரோனா வந்தது. ஊர்ச்சனம் அதைச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிக்க ஏலவில்லை. நாங்களும் ஏழு நாள் அதைத்தானே செய்தோம்.

அண்ணர் இப்ப வடமராட்சியில் பிள்ளைகளோடு இருக்கிறார். போன மாதமும் கதைத்தவர். மணம் இன்னும் சரியாகத் திரும்பவில்லையாம். மல்லித்தண்ணி அவித்தால் இஞ்சி மணக்குதோ என்று சின்ன மகளைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறாராம்.