காது கேட்பவர்களுக்கு மட்டும்

1893ஆம் வருடம், வாஷிங்டனில் ஒரே வளாகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஒருவர் அகதா டீகல். ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் கேட்கும் திறனையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர். அந்த வருட பி.ஏ. வகுப்பில் அவர்தான் முதல் மாணவி. பட்டமளிப்பு மேடையில் பெண்களின் அறிவுத்திறன் பற்றி உரை நிகழ்த்தினார். இன்னொருவர் பெர்சிவல் ஹால். காது கேட்பவர், ஹார்வர்டில் படித்துவிட்டு வந்தவர். செவ்வாய்க் கோளின் இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்த அசாஃப் ஹாலின் மகன்.

இருவருமே காதுகேளாத குழந்தைகளுக்கு ஆசிரியர் ஆனார்கள். அதற்கென்றே ஓராண்டுப் பயிற்சி வகுப்பு ஒன்று அந்த வளாகத்தில் இருந்தது. ஹால் அதில் படித்தார். டீகல் படிக்க முடியாது. காது கேட்பவர்களுக்கு மட்டும் என்பது அதன் சேர்க்கை விதி.

இன்றைக்கு சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆக என்ன படிக்கலாம் என்று கேட்டால் டிப்ளமோ, பி.எட்., எம்.எட்., பதிவு எண் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். என் சித்தி மகள் போன வருடம் அப்படிக் கேட்டபோது நானும் பட்டியலைத்தான் தேடப் போனேன். தேடத் தேட வேறொரு கேள்வி முன்னால் வந்து நின்றது. இந்தச் சான்றிதழ் யாருக்கு என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்?

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1760 வாக்கில் சார்ல்-மிஷேல் தெ லெப்பே என்ற பாதிரியார், காதுகேளாத இரண்டு சகோதரிகளுக்குப் பாடம் சொல்லித் தர ஆரம்பித்தார். அவர்கள் கைகளால் பேசுவதைத் தடுக்காமல், அதையே பாடமொழியாக்கினார். அவருடைய பள்ளியை, அவர் இறந்தபின் 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு ஏற்றுக்கொண்டது. அடுத்து வந்த சிகார் காலத்தில் ழான் மாசியூ அங்கே ஆசிரியரானார். உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரும் காதுகேளாதவர்களாக இருந்த குடும்பத்தில் பிறந்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். மாசியூவிடம் படித்தவர் லோரான் கிளெர்க். குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து கன்னத்தில் தழும்பு. இரண்டு விரலால் கன்னத்தைத் தடவினால் அதுதான் சைகையில் அவர் பெயர். அவரும் அங்கேயே ஆசிரியர் ஆனார். காதுகேளாத ஆசிரியர் காதுகேளாத மாணவரை ஆசிரியராக்கினார். இதற்குப் பல்கலைக்கழகம் எதுவும் தேவைப்படவில்லை.

அதே காலத்தில் பிரிட்டனில் நிலைமை நேரெதிர். பிரெய்ட்வுட் என்ற குடும்பம் காதுகேளாதோருக்குக் கற்பிக்கும் முறையைத் தொழில் ரகசியமாக வைத்திருந்தது. 1815இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டிலிருந்து தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் என்ற இளம் பாதிரியார் அந்த முறையைக் கற்க வந்தார். பக்கத்து வீட்டு டாக்டரின் மகள் ஆலிஸ் காக்ஸ்வெல் காதுகேளாதவள். அவளுக்காக ஊரில் பள்ளி தொடங்கப் பணம் திரட்டி அவரை அனுப்பியிருந்தார்கள். மூணு வருஷம் எங்களிடம் வேலை பார்க்கணும், முறையை வெளியே சொல்லக்கூடாது என்று நிபந்தனைகள் வந்தன. ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் ஐ.டி. வேலையில் சேர்ந்தவன் என்பதால் எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இல்லை. கேலடெட் மறுத்துவிட்டார். லண்டனில் சிகார், மாசியூ, கிளெர்க் மூவரும் நடத்திய செயல்விளக்கத்தைப் பார்த்தவர், பாரிஸுக்குப் போய்ச் சில மாதங்கள் படித்தார். அந்தச் சில மாதம் போதாது என்று அவருக்கே தெரிந்தது. கிளெர்க்கை உடன் வரும்படி கேட்டார்.

1816 ஜூனில் கப்பல் கிளம்பியது. 52 நாள் பயணம். கிளெர்க் கேலடெட்டுக்குச் சைகை சொல்லிக்கொடுத்தார், கேலடெட் கிளெர்க்குக்கு ஆங்கிலம். அமெரிக்காவில் காதுகேளாதோர் ஆசிரியர் பயிற்சியின் முதல் வகுப்பு எது என்று யாராவது கேட்டால், அந்தக் கப்பல்தளம்தான் என்பேன். 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபர்ட் பள்ளி திறந்தது. கிளெர்க் 1858 வரை அங்கே கற்பித்தார். மற்ற மாநிலங்களில் பள்ளி தொடங்க நினைத்தவர்கள் ஹார்ட்ஃபர்டுக்கு வந்து தங்கிச் சைகையும் பாடமுறையும் கற்றுப் போனார்கள். கென்டக்கி பள்ளியின் ஜான் ஜேக்கப்ஸ் அப்படி வந்தவர். காது கேட்பவர்கள் காதுகேளாத ஒருவரின் முன்னால் மாணவர்களாக உட்கார்ந்திருந்த காலம் அது.

பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பள்ளிகளில் காதுகேளாதோருக்குக் கற்பித்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் தாங்களே காதுகேளாதவர்கள். 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் வாஷிங்டன் நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. அப்போதைய வழக்கப்படி செவிட்டூமைக் கல்லூரி என்றுதான் பெயர் வைத்தார்கள். 1894இல்தான் அது கேலடெட் கல்லூரி ஆனது. அதன் தலைவர் எட்வர்ட் மைனர் கேலடெட், தாமஸின் கடைசி மகன். அம்மா சோஃபியா காதுகேளாதவர். அதாவது சைகை அவருக்கு உண்மையிலேயே தாய்மொழி.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவருடைய அம்மாவும் காதுகேளாதவர், மனைவியும் காதுகேளாதவர். அலெக்சாண்டர் கிரஹாம் பெல். நமக்கு அவர் டெலிபோன். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் காதுகேளாதோரின் ஆசிரியர் என்றே சொல்லிக்கொண்டவர். 1870களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஆசிரியர்களுக்குப் பேச்சுப் பயிற்சி முறையைக் கற்பித்தார். காதுகேளாத குழந்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வாயால் பேசி, கேட்கும் சமூகத்தோடு கலந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. இதை வெறும் கெட்ட எண்ணம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தன் பிள்ளை ஒரு தடவையாவது அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று ஏங்கும் பெற்றோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பெல் அங்கே நிற்கவில்லை. காதுகேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொண்டு தனி இனமாகிவிடுவார்கள் என்று அஞ்சி 1880களில் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். அதைத் தடுக்க அவர் சொன்ன வழிகளில் மூன்று: தனிப்பள்ளிகளை ஒழிப்பது, சைகைமொழியை ஒழிப்பது, காதுகேளாத ஆசிரியர்களை ஒழிப்பது.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1880 செப்டம்பரில், மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு பேச்சுமுறையே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 160, எதிர்ப்பு 4. வந்திருந்த 164 பேரில் காதுகேளாதவர்கள் ஓரிருவர். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டெனிசன், வாஷிங்டன் வளாகத்திலேயே இருந்த குழந்தைகள் பள்ளியின் தலைமையாசிரியர்.

1891க்கு வருவோம். பேச்சுமுறைப் பள்ளிகள் ஏற்கெனவே தங்களுக்கான ஆசிரியர்களைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தன. நார்தாம்ப்டனில் கிளார்க் பள்ளி இதற்குப் பேர்போனது. (1902இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுவிட்டு அங்கே பயிற்சிக்கு வந்த கிரேஸ் குட்ஹ்யூ, பின்னாளில் ஜனாதிபதி கூலிட்ஜின் மனைவி.) இப்படியே விட்டால் பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றால் சைகை தெரியாதவர் என்றாகிவிடும் என்று எட்வர்ட் கேலடெட் கணக்குப் போட்டார். சைகை, பேச்சு இரண்டும் தெரிந்த, காது கேட்கும் பட்டதாரிகளை உருவாக்கத் தன் கல்லூரியில் ஒரு 'நார்மல்' துறை வேண்டுமென்று நாடாளுமன்றத்திடம் பணம் கேட்டார்.

நார்மல் என்றால் இயல்பானது என்று பொருளில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு வைத்த பெயர் அது. நெறிமுறையை வகுத்துக் காட்டும் பள்ளி. நம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிகூட 1856இல் நார்மல் ஸ்கூலாகத்தான் தொடங்கியது. ஆனாலும் வாஷிங்டனில் அந்தச் சொல் இன்னொரு அர்த்தத்தையும் சேர்த்துக்கொண்டது.

பெல் நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் போய் எதிர்த்தார். இந்தத் துறை வந்தால் காதுகேளாதவர்கள் ஆசிரியர் பயிற்சி பெறுவார்கள், அது நடக்கக்கூடாது என்பது அவருடைய வாதம். கேலடெட் என்ன பதில் சொன்னார்? அவர்கள் பயிற்சி பெற்றால் என்ன தப்பு என்று கேட்கவில்லை. அவர்களைச் சேர்க்க மாட்டோம் என்றார். காதுகேளாத அம்மாவின் மகன், சைகைமொழியின் பெரிய காவலர் என்று பெயரெடுத்தவர் சொன்ன பதில் இது. எங்கள் பட்டதாரிகளுக்கு பி.ஏ. இருக்கிறதே, அதை வைத்தே வேலை கிடைக்கிறதே என்பது அவர் தரப்பு நியாயம். அன்றைய தேதிக்கு அது பொய்யில்லை. டீகலுக்கு மினசோட்டா பள்ளியில் வேலை கிடைக்கத்தான் செய்தது.

பெல்லைவிட கேலடெட்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறார். எதிரி நினைத்ததை நண்பர் விதியாக எழுதிக் கொடுத்துவிட்டார். பயிற்சிச் சான்றிதழ் ஒரு கூடுதல் அலங்காரமாக இருக்கும்வரை அது இல்லாதவருக்கு நஷ்டமில்லை. அதையே வேலைக்குத் தகுதியாக்கும் நாள் வரும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். எங்கள் துறையில் வருஷத்துக்கொரு கிளவுட் சான்றிதழ் வாங்குகிறோம். முதலில் இருந்தால் நல்லது என்பார்கள், இரண்டு வருஷத்தில் இல்லாதவர்களின் விண்ணப்பத்தை மென்பொருளே தள்ளிவிடும்.

அப்படித்தான் நடந்தது. பள்ளிகள் பேச்சுமுறைக்கு மாற மாற, ஆசிரியரின் தலையாய வேலை உச்சரிப்பைத் திருத்துவது என்றானது. காது கேட்காதவர் உச்சரிப்பை எப்படித் திருத்துவார்? தேர்வு வைக்காமலே தகுதியிழப்பு. மிஞ்சிய காதுகேளாத ஆசிரியர்களில் பலர் செருப்புத் தையல், அச்சுக்கோப்பு போன்ற தொழில் வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டார்கள். அல்லது பேச்சில் தேறாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அவர்களிடம் விடப்பட்டார்கள். முதல் உலகப்போர் முடியும்போது ஆசிரியர்களில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம்.

பெர்சிவல் ஹால் 1910இல் கல்லூரித் தலைவராகி 1945 வரை இருந்தார். காதுகேளாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார 1988 ஆனது. அதுவும் சும்மா வரவில்லை. காது கேட்பவர் ஒருவரையே மறுபடியும் நியமித்தார்கள் என்று மாணவர்கள் வளாகத்தை இழுத்துப் பூட்டிப் போராடிய பிறகு, ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். பட்டம் வழங்கத் தொடங்கி 124 ஆண்டுகள் கழித்து.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு கிளை உண்டு. 1893இல் தொடங்கிய கல்கத்தா காதுகேளாதோர் பள்ளியின் நிறுவனர்களில் ஒருவரான ஜாமினி நாத் பானர்ஜி, பயிற்சிக்காக முதலில் லண்டனுக்கும் பின்பு வாஷிங்டனுக்கும் போனார். அங்கே அவர் படித்தது இதே நார்மல் துறையில். 1896இல் ஊர் திரும்பினார். யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். கடல் தாண்டி வந்த காலனி நாட்டு வங்காளிக்குத் திறந்த கதவு, பக்கத்துக் கட்டடத்தில் முதல் மாணவியாகத் தேறிய அமெரிக்கப் பெண்ணுக்குத் திறக்கவில்லை. ஒரே காரணம், காது. கல்கத்தா பள்ளி பேச்சுமுறையை அடிப்படையாகக் கொண்டது. அங்கேயே ஆசிரியர்களும் தயாரானார்கள்.

சுதந்திர இந்தியாவில் இந்தப் படிப்புகளுக்கெல்லாம் ஒரே குடை வர 1992 ஆனது. இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் அந்த வருடம் நிறைவேறி, 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவின்படி குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் சிறப்புக் கல்வி ஆசிரியராகத் தொழில் செய்தால், ஒரு வருடம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஏன் இவ்வளவு கறார் என்பதும் புரிகிறது. பயிற்சியே இல்லாதவர்கள் கையில் பிள்ளைகள் பாழானதை எத்தனையோ பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். சித்தி மகளுக்கு நான் சொன்னதும் அதுதான்: எந்தக் கல்லூரியாக இருந்தாலும் குழும அங்கீகாரம் இருக்கான்னு முதல்ல பாரு, மத்ததெல்லாம் அப்புறம். பிளஸ் டூ முடித்தால் இரண்டு வருட டிப்ளமோ, டிகிரி முடித்தால் இரண்டு வருட பி.எட். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டு தேசிய நிறுவனத்தில் படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஆனால் பதிவேட்டுக்குள் போகும் வழி எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. செவித்திறன் குறைக்கான பி.எட். பாடத்திட்டத்தில் கேட்புப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் செய்முறையோடு வருகின்றன. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, சைகைமொழியிலும் பிரெயிலிலும் தகுதி பெற்ற ஆசிரியர்களை அரசு பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இதற்கு ஓராண்டு முன்பு, 2015இல், டெல்லியில் இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் உருவானது. அங்கே சைகைமொழி கற்பிப்பதற்கான இரண்டு வருட டிப்ளமோ ஒன்று நடக்கிறது. அதன் சேர்க்கை விதியைப் படித்தபோது சிரித்துவிட்டேன். காதுகேளாதவர்களுக்கு மட்டும்.

அந்த டிப்ளமோவை முடித்தவர் சைகைமொழியைக் கற்பிக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்க அவருக்கும் பி.எட். வேண்டும்.