அவுரிச் செடியும் காய்ச்சல் மாத்திரையும்

வைகை அணைப் பக்கம் எங்க காட்டு வரப்புல அவுரி தானா மொளைச்சுக் கிடக்கும். எங்களுக்கு அது பசுந்தாள் உரம். உங்க டவுன்ல தலைமுடிச் சாயம். ஒரு காலத்துல இதோட நீலத்துக்கு உலகமே காசு கொட்டுச்சு. இலையத் தொட்டித் தண்ணியில ஊறப்போட்டு, கலக்கி, அடியில தங்குறதக் காயவச்சா நீலக்கட்டி.

1826-ல ஜெர்மனிக்காரர் உன்வர்டோர்பன் அந்த நீலத்தக் காய்ச்சி வடிச்சு ஒரு எண்ணெய் எடுத்தார். நம்ம நாட்டு 'நீல'ங்கிற சொல்லு அரபி, போர்த்துக்கீசியம் வழியாப் போயி 'அனில்' ஆச்சு. அதுலருந்து அந்த எண்ணெய்க்கு 'அனிலின்'னு பேரு வந்துச்சு. பிறகு அதையே நிலக்கரித் தாருல இருந்து எடுத்தாங்க.

1856-ல லண்டன்ல 18 வயசு பெர்கின், மலேரியாவுக்குக் கொயினா மருந்து செய்யப் போயி, அனிலின்ல ஊதாச் சாயத்தக் கண்டுபிடிச்சார். 1886-ல அனிலின்ல செஞ்ச அசிட்டனிலைடு காய்ச்சல் மருந்தாச்சு. அது உடம்புக்குள்ள பாராசிட்டமாலா மாறித்தான் வேலை செய்யுதுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

1897-ல ஜெர்மனியில செயற்கை நீலம் விற்பனைக்கு வந்துச்சு. கொஞ்ச வருசத்துல அனிலின்ல இருந்தே நீலம் மலிவாச் செஞ்சாங்க. அவுரி பெத்த பிள்ளையே அவுரிச் சந்தைய முடிச்சிருச்சு.

மாத்திரையக் குறை சொல்லல, காய்ச்சலுக்கு நானும்தான் போடுறேன். ஆனா நம்ம பயிருக்கு விலை எந்த ஊர்ல முடிவாகுதுன்னு விதைக்கிறவனுக்குக் கடைசியாத்தான் தெரியுது. இன்னைக்கும் அப்படித்தான்.