செப்டம்பர் 7: துஷேன் என்ற டாக்டரை நினைக்கும் நாள்



முந்தாநாள் ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் படித்தேன். "நீங்க எங்க ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதை மறக்க முடியாது சார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு வேறொரு பெயர் ஞாபகத்துக்கு வந்தது. அது நான் ஒரு பையனுக்கு வைத்த பட்டப்பெயர்.

1980களின் கடைசி. நடுநிலைப் பள்ளியில் நாலாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. காலை வழிபாட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். தேசிய கீதத்துக்கு எழும்போது அந்தப் பையன் மட்டும் கடைசியாக எழுவான். முதலில் குப்புறத் திரும்பிக் கைகளைத் தரையில் ஊன்றுவான். பிறகு கையை முழங்காலில் வைத்து, அப்புறம் தொடையில் வைத்து, தன் காலைப் பிடித்துத் தானே ஏறுவதுபோல நிமிர்வான். கெண்டைக்கால் இரண்டும் பயில்வான் கால் மாதிரி திரண்டிருக்கும். "இப்படிக் காலை வெச்சுக்கிட்டு ஏன்டா தாத்தா மாதிரி எந்திரிக்கிற?" என்றேன் ஒருநாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் 'தாத்தா'.

நான் தினமும் பார்த்தும் புரிந்துகொள்ளாத ஒன்றை, எனக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தார். இன்று உலக துஷேன் விழிப்புணர்வு நாள் என்பதால் அவர் கதையைச் சொல்கிறேன்.

கியோம் துஷேன் 1806-ல் பிரான்சின் வடக்குக் கரையில் உள்ள புலோன் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பல் தலைவர். மகனும் கடலுக்கு வருவான் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அவரோ பாரிஸ் போய் மருத்துவம் படித்து, 1831-ல் பட்டம் வாங்கிச் சொந்த ஊருக்கே டாக்டராகத் திரும்பினார். இரண்டு வருஷத்தில் பிரசவக் காய்ச்சலில் மனைவி இறந்துபோனார். பிரசவத்தை அவரே தனியாகப் பார்த்ததால் பழி அவர் தலையில் விழுந்தது. மாமியார் வீட்டார் பச்சைக் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். பெற்ற மகனைப் பல வருஷம் அவர் பார்க்கவே இல்லை.

1842-ல், 36 வயதில், பாரிஸுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் வேலை இல்லை, கல்லூரியில் பதவி இல்லை. மின்சாரம் உண்டாக்கும் ஒரு பெட்டி மட்டும் கையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். ஊர்ப்பக்கத்துப் பேச்சும் நடையும் பெரிய டாக்டர்களுக்கு வேடிக்கையாக இருந்தன. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் இவரும் பின்னாலேயே போவார். ஒரே ஆளை வருஷக்கணக்கில் விடாமல் பார்ப்பார்.

அந்தக் காலத்தில் தசைக்கு மின்சாரம் கொடுக்க உடம்பில் ஊசி குத்துவார்கள். இவர் ஈரமான மின்முனைகளைத் தோலின்மேல் வைத்தே தனித்தனித் தசையாக இயக்கிக் காட்டினார். எந்தத் தசை எந்த அசைவைச் செய்கிறது என்று இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து 1855-ல் புத்தகமாக எழுதினார். முகத் தசைகளை இயக்கிப் புகைப்படம் எடுத்து 1862-ல் இன்னொரு புத்தகம் கொண்டுவந்தார். உண்மையான சிரிப்பில் வாயோடு கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று சொன்னவர் இவர்தான். 1872-ல் வந்த டார்வினின் உணர்ச்சிகள் பற்றிய நூலில் இவருடைய படங்கள் இருக்கின்றன.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 1861-ல் நடக்கச் சிரமப்படும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். கெண்டைக்கால் தசை பருத்திருக்கிறது, ஆனால் பலம் இல்லை. காரணம் மூளையில் இருக்கும் என்று முதலில் நினைத்தார். அதோடு நிறுத்தவில்லை. இதேபோன்ற பிள்ளைகளைத் தேடிக்கொண்டே இருந்தார். உள்ளே இருப்பதைப் பார்க்க ஒரு கருவி செய்தார். சிறு தூண்டில் முள்போன்ற ஊசி அது. உயிரோடிருப்பவர் தசையிலிருந்து துளி அளவு மட்டும் எடுத்துவரும். அதற்கு முன் இறந்தவர் உடலை அறுத்தால்தான் தசையின் உள்ளே பார்க்க முடியும். இன்று 'பயாப்ஸி' என்கிறோமே, தசையைப் பொறுத்தவரை அதற்கு வழிகாட்டியவர் இவர்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைந்திருந்தன. பயில்வான் கால் என்று தோன்றியது உள்ளே தேய்ந்துபோன கால். 1868-ல் 13 பேரின் விவரத்தோடு நீண்ட கட்டுரை எழுதினார். மூளை என்று முன்பு சொன்னதை விட்டுவிட்டு, இது தசையின் நோய் என்றார்.

வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்த நோயை முதலில் பார்த்தவர் துஷேன் அல்ல. 1851-லேயே லண்டனில் எட்வர்ட் மெரியன் என்ற டாக்டர், ஒரே குடும்பத்தின் ஆண் பிள்ளைகளுக்கு இது வருவதையும், தசை இழையின் மேலுறை சிதைந்திருப்பதையும் எடுத்துச் சொன்னார். தன் காலைப் பிடித்தே எழும் அந்த விதத்தை 1879-ல் விவரித்த வில்லியம் கோவர்ஸ் பெயரால் 'கோவர்ஸ் குறி' என்கிறார்கள். நோய்க்கு மட்டும் துஷேன் பெயர் நிலைத்தது.

பாரிஸின் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்கோ என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த ஏ.எல்.எஸ். நோயை முதலில் தெளிவாக விவரித்தவர். அவர் துஷேனைத் தன் குரு என்றார். பிரிந்துபோன மகனும் டாக்டராகி, கடைசிக் காலத்தில் அப்பாவோடு வந்து சேர்ந்தார். ஆனால் 1871-ல் மகன் இறந்துபோனார். 1875-ல் துஷேனும் போய்விட்டார்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1986-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் லூயிஸ் குங்கெல் குழு இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. அடுத்த வருஷம் அந்த மரபணு உண்டாக்கும் புரதத்துக்கு 'டிஸ்ட்ரோஃபின்' என்று பெயர் வைத்தார்கள். அது இருப்பது தசை இழையின் மேலுறையை ஒட்டி, மெரியன் கைகாட்டிய அதே இடத்தில். பந்தல் கழிகளைச் சேர்த்துக் கட்டும் கயிறு மாதிரி அது. கயிறு இல்லாத பந்தல் ஒவ்வொரு காற்றுக்கும் ஆட்டம் காணும். அதுபோல, தசை சுருங்கும்போதெல்லாம் இழை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. மரபணுவில் 79 பகுதிகள். அதனால்தான் 7ஆம் தேதி, 9ஆம் மாதம்.

ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள கோளாறு; பெரும்பாலும் தாய்வழி வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத் தாயிடமும் இல்லாமல் புதிதாக உண்டாகிறது. தாய் செய்த தப்பு எதுவும் இல்லை. சொந்தத்தில் கட்டியதும் காரணம் இல்லை. தெய்வக் குற்றமும் இல்லை.

இதை அன்றைக்கு நான் அறிந்திருந்தால் அந்த அம்மாவிடம் சொல்லியிருப்பேன். ஏழாம் வகுப்பு வரும்முன் பையனுக்கு நடை நின்றுபோனது. வீட்டுக்குப் பார்க்கப் போனேன். "என் வயிறுதான் சரியில்லைன்னு எல்லாரும் பேசறாங்க சார்" என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "பசங்க 'தாத்தா எங்க சார்'னு கேக்கறாங்களா?" என்று என்னிடம் கேட்டான். நான் வைத்த பெயரை அவன் தன் பெயராகவே எடுத்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வயது அவனுக்கு நிறையவில்லை.

உங்களில் பலர் இன்று அப்பா அம்மா, சிலர் ஆசிரியர்கள். மூன்று நாலு வயதுக்கு மேல் ஒரு பையன் அடிக்கடி விழுந்தால், ஓட முடியாமல் தவித்தால், தொடையில் கை ஊன்றி எழுந்தால், சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையிலேயே சந்தேகம் தெரிந்துவிடும். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை, உடற்பயிற்சி, இதயத்துக்கும் மூச்சுக்கும் தரும் கவனிப்பு ஆகியவற்றால் முப்பது வயதைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவனோடு படித்த சிலர் இதைப் படிப்பீர்கள். அவனுடைய நிஜப் பெயர் உங்களுக்குத் தெரியும். இனி எப்போதாவது அவனைப் பற்றிப் பேசினால், அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்