எல்லோர் கையும் பட்ட எடிட்டர்

டெக்கோ என்ற எடிட்டரில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் விழாது, கட்டளையாகிவிடும். காகித நாடாவில் துளையிட்ட உரையைத் திருத்துவதற்காக 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் டான் மர்ஃபி எழுதியது அது. பத்தாண்டு கழிந்தும் அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அதைத்தான் புழங்கினார்கள். அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் ஒரு புது வசதி செய்தார். பயனர் தானே எழுதிய சிறு நிரலை எந்த விசையோடும் கட்டிவிடலாம். அந்தச் சிறு நிரல்களை மேக்ரோ என்றார்கள்.

ஆய்வகத்தில் ஆளுக்கொரு மேக்ரோத் தொகுப்பு முளைத்தது. ஒருவருடைய டெர்மினலில் இன்னொருவர் உட்கார்ந்தால் கை ஓடாது. விருப்பப்படி வளைத்துக்கொள்ளக் கிடைத்த கருவி, வளைத்தவரைத் தனியாளாக்கிவிட்டது. கை ஸ்டீல் (Guy Steele) என்பவர் 1976-ல் இந்தத் தொகுப்புகளை ஒப்பிட்டு, எல்லோருக்கும் பொதுவான விசை ஒழுங்கு ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். ஸ்டால்மன் அதை முடித்தார். ஈமேக்ஸ் பிறந்தது இப்படித்தான். தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையும் பிறரோடு சேர்ந்திருக்கும் ஆசையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்ததுதான் இந்த எடிட்டரின் வாழ்க்கை என்பேன். ஸ்டால்மன் அதை ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: மேம்படுத்தினால் அதைத் திருப்பித் தர வேண்டும், எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும்.

1978-ல் பெர்னார்ட் கிரீன்பர்க், மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக ஈமேக்ஸை லிஸ்ப் மொழியில் புதிதாக எழுதினார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அவருடைய அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த செயலர்களும் ஈமேக்ஸைப் பழகினார்கள். அவர்கள் கையில் இருந்த கையேடு, எடிட்டரைத் தமக்கேற்ப நீட்டிக்கும் விதத்தையும் சொல்லித்தந்தது. ஆனால் அதுதான் நிரல் எழுதுவது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. தங்களுக்கு நிரல் எழுத வராது என்று நம்பியிருந்தவர்கள், பயப்படக் காரணமில்லாததால் படித்தார்கள், எழுதினார்கள், பயன்படுத்தினார்கள். பின்னாளில் ஓர் உரையில் ஸ்டால்மன் இதை நினைவுகூர்ந்தார். புதியவரை வரவேற்பதற்கு இதைவிட நல்ல முறையை நான் அறியேன். உங்களுக்கு என்ன தெரியும் என்று அந்தக் கையேடு யாரையும் கேட்கவில்லை. அன்றைய வேலைக்கு வேண்டிய ஒன்றைக் கையில் கொடுத்தது, அவ்வளவுதான்.

கதவு சாத்தப்பட்ட காலமும் உண்டு. ஜேம்ஸ் காஸ்லிங் 1981-ல் யூனிக்ஸுக்காக சி மொழியில் எழுதிய ஈமேக்ஸ் முதலில் தாராளமாகக் கைமாறியது. பிறகு யூனிபிரஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1984-ல் ஸ்டால்மன் தொடங்கிய குனு ஈமேக்ஸில் காஸ்லிங்கின் வரிகள் கொஞ்சம் இருந்தன. உரிமை யூனிபிரஸிடம் போய்விட்டதால் அவற்றையும் நீக்கித் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. 1985-ல் குனு ஈமேக்ஸ் வெளியானபோது, இணையம் எட்டாதவர்களுக்கு ஸ்டால்மன் 150 டாலருக்குக் காந்த நாடாவில் பதிந்து அனுப்பினார். காசு நாடாவுக்கும் உழைப்புக்கும்தான்; மாற்றவும் பகிரவும் உரிமை எல்லோருக்கும் இருந்தது.

1991-ல் வந்த பிளவு இதைவிட வலித்தது. லூசிட் நிறுவனத்துக்குத் தன் தயாரிப்புக்காகப் புதிய ஈமேக்ஸ் அவசரமாகத் தேவைப்பட்டது. குனு ஈமேக்ஸின் 19-ஆம் பதிப்போ தாமதமாகிக்கொண்டிருந்தது. ஜேமி ஜவின்ஸ்கி முதலானோர் தங்கள் கிளையைத் தனியே வெளியிட்டார்கள். அதுவே பிறகு எக்ஸ்ஈமேக்ஸ் ஆனது. பத்தாண்டுக்கும் மேலாக இரண்டு ஈமேக்ஸ்கள் இருந்தன. துணை நிரல் எழுதியவர்கள் இரண்டிலும் ஓடும்படி எழுதித் தவித்தார்கள். குனு ஈமேக்ஸின் மூல நிரலில் சுமார் 15 வரிக்கு மேல் பங்களித்தால், பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதித் தர வேண்டும் என்ற விதியும் பலரை வாசலிலேயே நிறுத்தியது. நீதிமன்றத்தில் உரிமத்தைக் காக்க அது உதவும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. இருந்தும், ஆர்வத்தோடு வருகிற ஒருவரிடம் முதலில் ஒப்பந்தத் தாளை நீட்டுவது வரவேற்பு ஆகாது.

எடிட்டரின் உள்ளமைப்பில் வேறு பாதைகள் இருந்ததால்தான் அது பிழைத்தது. மையத்தைத் தொடாமலே அதன்மேல் எதையும் கட்டலாம். நெதர்லாந்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-ல் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த எழுதிய ஆர்க் மோட், நிரலாளர் அல்லாத எத்தனையோ பேரை ஈமேக்ஸுக்கு அழைத்துவந்தது. 2007-ல் வந்த 22-ஆம் பதிப்பில் அது ஈமேக்ஸின் பகுதியாகவே சேர்ந்தது. சில ஆண்டுகளில் டொமினிக் பராமரிப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். அவருக்குப் பின் இன்னொருவர் ஏற்றார். 2012-ல் வந்த 24-ஆம் பதிப்போடு, துணை நிரல்களை ஒரே கட்டளையில் நிறுவும் வசதியும் வந்தது. கனடாவில் வாழும் சாஷா சுவா, யார் என்ன செய்தார்கள் என்பதை வாரந்தோறும் திரட்டித் தருகிறார். ஆண்டுதோறும் இணையவழியே நடக்கும் ஈமேக்ஸ் மாநாட்டின் உரைகளுக்குத் தன்னார்வலர்கள் வசனவரிகள் எழுதுகிறார்கள். காது கேளாதவரும் ஆங்கிலம் தடுமாறுகிறவரும் தொடர முடிகிறது. நூறு புதிய வசதிகளைவிட இந்த உழைப்பைப் பெரிதாக மதிக்கிறேன்.

ஈமேக்ஸைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு எச், அடுத்து மறுபடியும் எச் தட்டினால் பல மொழிகளில் வாழ்த்து வரும். ‘வணக்கம்’ என்று தமிழிலும் இருக்கும். ஜப்பானின் மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கெனிச்சி ஹண்டா உள்ளிட்டோர் உருவாக்கிய பன்மொழி நீட்சி, 20-ஆம் பதிப்பில் சேர்ந்ததால் வந்த பேறு அது. தமிழில் தட்டச்சு செய்யும் முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. இரண்டாவது எச்சுக்குப் பதில் டி தட்டினால், புதியவருக்கான பயிற்சிப் பாடம் திறக்கும். அது வெறும் உரைக் கோப்பு. ஜப்பானியம், தாய், ஹீப்ரு, பாரசீகம் என்று பல மொழிகளில், அந்தந்த மொழிக்காரர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்த வரிசையில் தமிழைச் சேர்க்க நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெளிவான உரைநடை எழுதத் தெரிந்த ஒருவர், சில மாலைப் பொழுதுகளைக் கொடுத்தால் முடியும்.