ஹோம்ப்ரூ கிட் பரிசளிக்கப் போறீங்களா? நண்பர் மும்பையில் இருந்தால் கொஞ்சம் பொறுங்க

நண்பருக்குப் பிறந்தநாள் வருகிறது. அவருக்கு பியர் பிடிக்கும். ஆன்லைனில் தேடினால் 'ஹோம்ப்ரூ ஸ்டார்ட்டர் கிட்' என்று ஓர் அழகான பெட்டி கண்ணில் படுகிறது. கார்ட்டில் போடும் முன் ஒரே ஒரு கேள்வி: அந்த நண்பர் இருப்பது செம்பூரிலா, சிங்கப்பூரிலா?

செம்பூர் என்றால் வாங்காதீர்கள். விலையோ தரமோ காரணமில்லை. பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தாலே சட்டச் சிக்கல், அதுவும் உங்களுக்கு அல்ல, உங்கள் நண்பருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

மகாராஷ்டிராவில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1949-ம் ஆண்டின் பாம்பே மதுவிலக்குச் சட்டம்தான். பெயர் மட்டும் மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று மாறியிருக்கிறது. அதன் 12-வது பிரிவு மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. 13-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மது தயாரிப்பதற்கான பொருட்கள், பாத்திரங்கள், கருவிகளை வைத்திருப்பதையே தடை செய்கிறது. மீறினால் 65-வது பிரிவின்படி சிறை, அபராதம். இந்தச் சட்டத்தில் மது என்றால் ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவங்களும் அடக்கம். 'எனக்கு மட்டும்தான், விற்கவில்லை' என்ற பொழுதுபோக்குக்காரருக்குத் தனிச் சலுகை கிடையாது.

'என்கிட்ட பர்மிட் இருக்கே' என்று சிலர் சொல்வார்கள். அது வாங்க, வைத்திருக்க, குடிக்க. பியருக்கு 21 வயது, விஸ்கி, ரம் வகைகளுக்கு 25. தயாரிப்பதற்கு அது செல்லாது. 2009-ல் புனேயில் ஆரம்பித்த தூலாலி மாதிரியான மைக்ரோப்ரூவரிகள் இயங்குவது வணிக லைசென்ஸில். உங்கள் நண்பரின் ஒன் பிஎச்கே கிச்சனுக்கு அது பொருந்தாது.

மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி எந்த வீட்டிலும் இருக்கும், அதை யாரும் தடை செய்யவில்லை. எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 'பியர் மேக்கிங் கிட்' என்று அச்சடித்த பெட்டியில் அதற்கான பதில் அட்டையிலேயே இருக்கிறது.

சென்னைக்கு அனுப்பிவிடலாமா என்றால், அங்கேயும் இதே கதை. மது மாநிலப் பட்டியலில் வரும் விஷயம் என்பதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமும் தயாரிப்புக் கருவிகளை வைத்திருப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது.

ஏன் இவ்வளவு கறார்?

பம்பாயில் 1950-ல் முழு மதுவிலக்கு வந்தது. குடிப்பவர்கள் குறையவில்லை, காய்ச்சுபவர்கள் கூடினார்கள். தாராவியும் அதைச் சுற்றிய சதுப்பு நிலங்களும் கள்ளச் சாராயத்துக்குப் பேர்போன இடங்களாயின. விடி ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த தூத்துக்குடிக்காரர் வரதராஜன் முதலியார் பெரிய ஆளாக வளர்ந்தது இந்தத் தொழிலில்தான். 1987-ல் வந்த 'நாயகன்' படத்துக்குத் தூண்டுதல் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பர்மிட் முறையில் மதுவிலக்கு பிறகு தளர்ந்தாலும், கருவியைப் பிடித்தாலே வழக்கு என்ற பிரிவு அப்படியே தங்கிவிட்டது.

தமிழில் 'காய்ச்சுவது' என்றாலே சாராயம்தான் ஞாபகம் வரும். பியர் காய்ச்சி வடிப்பதல்ல, புளிக்கவைப்பது. 2015-ல் மும்பை மால்வணியில் 100 பேருக்கு மேலும், 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேலும் இறந்ததற்குக் காரணம் சாராயத்தில் கலந்த மெத்தனால். வாளியில் புளிக்கும் பியரில் அந்த ஆபத்து இல்லை. இந்த வித்தியாசத்தைச் சட்டமும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இப்போதைக்குப் பார்ப்பதில்லை, பரிசு வாங்கும்போது அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நண்பர் வெளிநாட்டில் இருந்தால்?

தாராளமாக வாங்கலாம். சிங்கப்பூரில் 18 வயது ஆனவர்கள் சொந்த உபயோகத்துக்கு ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்கலாம். பிரிட்டன் 1963-லேயே லைசென்ஸ் தேவையை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி ஒருவருக்கு வருஷம் 100 கேலன், சுமார் 378 லிட்டர். (மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன.) இங்கிருந்து கொண்டுபோகாமல் அந்த ஊர்க் கடையிலேயே ஆர்டர் போடுங்கள்.

முதல் கிட் 4 லிட்டர் அளவு போதும். 20 லிட்டர் செட் பார்க்கப் பெரிய பரிசு மாதிரி இருக்கும், ஆனால் அவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சின்ன ஃபிளாட்டில் பாத்திரமும் இருக்காது, அடுப்பும் தாங்காது. மூடியுள்ள ஃபெர்மென்டர், வாயு வெளியேற ஏர்லாக், தெர்மாமீட்டர், சைஃபன் குழாய் எல்லா கிட்டிலும் இருக்கும். நீங்கள் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, கழுவத் தேவையில்லாத சானிடைசர். முதல் பியர் பெரும்பாலும் கெடுவது சுத்தக் குறைவால்தான். இரண்டு, ஹைட்ரோமீட்டர். ஆரம்பத்தில் 1.050, முடிவில் 1.010 காட்டினால் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள், சுமார் 5.2 சதவீதம் ஆல்கஹால். அதைவிட முக்கியம், அளவு இறங்கி நிற்கும் முன் பாட்டிலில் அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

சிங்கப்பூர் நண்பருக்கு இன்னொரு விஷயம். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். ஏசி இல்லாத அறையில் 30 டிகிரியில் பியர் வேறு ஏதோ வாடை அடிக்கும். நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்யும், ஒரு பாக்கெட் சேர்த்து அனுப்புங்கள்.

சரி, செம்பூர் நண்பருக்கு?

வீட்டில் தானே ஒன்றைத் தயாரிக்கிற சந்தோஷம்தான் வேண்டும் என்றால் ஃபில்டர் காபி செட் வாங்கிக் கொடுங்க. பித்தளை ஃபில்டர் அழகு, ஆனால் உள்ளே ஈயம் பூசியதா என்று பார்த்து வாங்கணும். தினமும் தேய்க்கச் சோம்பல்படும் ஆள் என்றால் எவர்சில்வரே போதும். தனியாக இருப்பவருக்கு இரண்டு கப் அளவு சரி. பெரிய ஃபில்டரில் கொஞ்சமாகப் பொடி போட்டால் டிகாஷன் தண்ணியாக இறங்கும். பொடி மாட்டுங்கா மைசூர் கன்சர்ன்ஸில் கிடைக்கும். பீபெரியும் பிளான்டேஷன் ஏவும் கலந்து, சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் போகாமல், ஃபில்டருக்கு என்று சொல்லி அரைத்து வாங்குங்க. கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். அரைத்த பொடியின் மணம் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும்.